வித்தியாசம் மட்டும்

ஹிஹோனில் மழை பெய்வதில்லை. ஈரம் நிற்கிறது.
குடை விரித்தால் சிரிப்பார்கள், விரிக்காவிட்டால் இருமல்.
எட்டு நாளாய் ஆய்வகச் சன்னலுக்கு வெளியே
கடலும் வானமும் ஒரே துணி.

என் மேசையில் ஒரு தட்டை.
ஆன்டெனா என்றால் எல்லோருக்கும் கிண்ணம்தான்;
இது கதவுப் பலகை மாதிரி.
மேலே செம்புச் சதுரங்கள், நாலாயிரத்து நானூற்றுப் பத்து,
முகம் ஒன்று, அளவு வேறு.
கிண்ணம் தன் வளைவால் செய்வதை
இவை தாமதத்தால் செய்ய வேண்டும்.
விரிந்து வந்து மோதும் அலையை ஒவ்வொரு சதுரமும்
இத்தனூண்டு பிடித்துவைத்து அப்புறம் விட்டால்
எல்லாம் ஒன்றாய்க் கிளம்பும்,
விண்ணிலிருந்து கடலில் விழும்,
நாங்கள் வரைந்த எல்லைக்குள்.
எல்லைக்கு வெளியே சிந்தக் கூடாது.
ஒப்பந்தத்தின் நாற்பத்திரண்டாம் பக்கம்.

சிந்துவது பற்றித் தெல்மோவுக்கு வேறு கொள்கை.
ஆப்பிள் மதுக்கடையில் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி,
கோப்பையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி,
எங்கோ பார்த்துக்கொண்டு ஊற்றுவான்.
பாதி தரைக்கு. அதுதான் இங்கே மரியாதை.

முதல் கணக்கு பதினோரு நாள் ஓடியது.
ஒரு சதுரத்தைத் தொட்டால் முழுத் தட்டையும் முதலிலிருந்து.

பிறகு பொய் சொல்லக் கற்றோம்.
தன்னைப்போல் பிறரை நினை என்றோம் ஒவ்வொரு சதுரத்திடமும்:
சுற்றிலும் முடிவில்லாமல் உன் அச்சே, உன் அளவே.
பக்கத்து வீட்டுக்காரன் தன்னைவிடப் பெரியவன் என்று தெரியாமல்
அது நிம்மதியாய்ப் பதில் சொன்னது.
அப்புறம் ஒரு சோறு பதம்.
எண்ணூறு பருக்கை நசுக்கிப் பார்த்து
மீதிப் பானையை ஊகிக்க ஒரு நிரலைப் பழக்கினோம்.
கடைசியில் தெல்மோ, வாய் நிறைய ரொட்டியோடு:
"ஒன்று மாறினால் ஒன்றுதானே மாறுகிறது?
அதன் பழைய பங்கைக் கழி. புதியதைக் கூட்டு.
மற்றவர்களை ஏன் எழுப்புகிறாய்?"

பதினோரு நாள் நாற்பது நிமிடமாயிற்று.
நான் அழவில்லை. காப்பி போட்டேன்.

வெள்ளிக்கிழமை, அளவை அறை.
நீல நுரைக் கூம்புகள் எதையும் திருப்பித் தராதவை;
அங்கே என் குரலே எனக்கு அரைக் குரல்.
பெலார்மினா இருபத்தாறு வருடமாய் அதை ஓட்டுகிறாள்.
திருகாணி இறுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள்.
திரையில் மெல்ல வந்தது: எங்கள் கரை, எங்கள் எல்லை,
பிசகே இல்லை,
வடமேற்கில் ஒரு நாக்கைத் தவிர.
பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் தோள் இடிக்கும் இடத்தில்
எங்கள் பொய் கிழிந்து
ஒழுகியிருந்தது.

"அது எங்கே விழும்?"
பார்த்தேன். கிரான் சோல் மீன்திட்டு.
"பிரௌலியோ அங்கேதான். அக்டோபர் வரைக்கும்."
மகன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.
"குரல் போகுமா அதில்?"
போகாது. ஒரு வரிச் செய்தி போகலாம், வானம் தெளிந்திருந்தால்.
"ஒரு வரி" என்றாள்.
தாளில் தேதி எழுதினாள்,
கசிவையும் எழுதினாள், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை.
எதையும் குறைத்து எழுதிப் பழக்கமில்லாதவள்.

இது பறக்க இன்னும் மூன்று வருடம்.
அப்போதும் யாருடைய மகனாவது அங்கே வலை இழுப்பான்.

பதினோரு நாள் காலமாய் இருந்திருந்தால்
இவ்வளவு பிசகு இருக்கட்டும் என்று கையெழுத்திட்டிருப்போம்,
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
வேகம் அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது.
பன்னிரண்டு சதுரங்கள். முடியளவு திருத்தம்.
அவற்றுக்கு மட்டும் பக்கத்து வீட்டின் உண்மையைச் சொல்லி,
பழையதைக் கழித்து, புதியதைக் கூட்டினால்
நாற்பது நிமிடத்தில் நாக்கு உள்ளே போய்விடும்.

மணி ஏழே முக்கால்.
தெல்மோ கீழே நின்று இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.
விசையின் மேல் விரல்.
இத்தனூண்டு பிடித்துவைத்திருக்கிறேன்.
சன்னலில் ஈரம் நிற்கிறது.